பள்ளம் உடைத்த காருக்கு யாரிடம் கேட்பது?

சென்ற மழைக்காலத்தில், சேலத்துக்குள்ளேயே, தண்ணீர் தேங்கிக் கிடந்த ஒரு பள்ளத்தில் என் காரின் இடது முன்சக்கரம் இறங்கியது. டயர் பக்கவாட்டில் கிழிந்தது, ரிம் நெளிந்தது, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வளைந்தது. பில் 14,000 ரூபாய். "இன்சூரன்ஸில் போடலாமா அண்ணா, கையிலிருந்து கட்டிவிடுகிறீர்களா?" என்று ஒர்க்‌ஷாப் தம்பி கேட்டார். சாலையைக் கெட விட்டவர்களிடமே கேட்கலாம் என்ற எண்ணம் அவருக்கும் வரவில்லை, அன்றைக்கு எனக்கும் வரவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொரு வழியாகக் கணக்குப் பார்த்தேன்.

முதலில் இன்சூரன்ஸ். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது. ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால் பள்ளத்தில் விழுந்த சேதமும் விபத்துச் சேதம்தான், பணம் வரும். ஆனால் எவ்வளவு வரும்? டயர் மட்டும் கிழிந்திருந்தால் சாதாரண பாலிசியில் ஒன்றும் இல்லை. வண்டியின் வேறு பாகமும் சேர்ந்து அடிபட்டிருந்தால் டயர் விலையில் பாதி கிடைக்கும். உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிப்பார்கள். மூன்று வயது தாண்டி நான்கு முடியாத வண்டிக்கு அது 25 சதவீதம். அதுபோக, 1,500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயமாக 1,000 ரூபாய் பிடிப்பார்கள்.

என் பில்லில் டயர் 6,000, ரிம்மும் லோயர் ஆர்மும் சேர்ந்து 6,500, கூலி 1,500. மேற்சொன்ன கழிவெல்லாம் போனால் கைக்கு வருவது 8,375 ரூபாய். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் நான் மூன்று ஆண்டுகளாக கிளைம் எதுவும் செய்யாததால் இந்த ஆண்டு பிரீமியத்தில் 35 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறேன். இப்போது கிளைம் செய்தால் அடுத்த ஆண்டு வரவேண்டிய 45 சதவீதம் பூஜ்யமாகிவிடும். அதற்கடுத்த ஆண்டு 50க்குப் பதில் 20, அதற்கும் அடுத்து 50க்குப் பதில் 25. சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று ஆண்டுகளில் 4,500, 3,000, 2,500 என்று சரியாகப் பத்தாயிரம் போய்விடும். வாங்குவது எட்டாயிரத்துச் சொச்சம், இழப்பது பத்தாயிரம். சின்ன பில்லுக்கு இன்சூரன்ஸைத் தொடுவது நஷ்டம் என்று இதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

பில் ஐம்பது, அறுபதாயிரத்தைத் தாண்டினால் கதை வேறு. அப்போது யோசிக்காமல் இன்சூரன்ஸுக்குப் போங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். அடியில் இடித்து ஆயில் ஒழுகத் தொடங்கிய வண்டியை வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஆயில் இல்லாமல் ஓடி இன்ஜின் பிடித்துக்கொண்டால் அது பின்விளைவு என்று சொல்லி நிராகரித்துவிடுவார்கள். டோ வண்டியை அழைத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும் முன் எதையும் கழற்றவும் வேண்டாம்.

இனி சாலைக்குப் பொறுப்பானவர்களிடம் கேட்கும் வழிகள். இதில் முதல் வேலை அது யாருடைய சாலை என்று கண்டுபிடிப்பது. மாநகர எல்லைக்குள் இருக்கும் எல்லாச் சாலையும் மாநகராட்சியுடையது அல்ல, சிலவற்றை மாநில நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கிறது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற்காடு ஏறும் பாதை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. மேலே ஊர்களுக்குப் பிரியும் சிறு சாலைகள் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியக் கணக்கில் வரும். மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மைல்கல் இல்லாத இடத்தில் பத்து ரூபாய் செலவில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். சாலை எப்போது போடப்பட்டது, ஒப்பந்ததாரர் யார், பழுதை அவரே சரிசெய்து தர வேண்டிய பொறுப்புக் காலம் முடிந்துவிட்டதா, அந்த இடத்தைப் பற்றி முன்பு புகார் வந்திருக்கிறதா என்ற நான்கையும் அதே மனுவில் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில்தான் வழக்கின் உயிர்.

நுகர்வோர் ஆணையம் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். அங்கே வக்கீல் கட்டாயமில்லை, ஐந்து லட்சம் வரை கட்டணமில்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆனால் நாம் 'நுகர்வோர்' என்று காட்ட வேண்டும். வரி கட்டியதை ஒரு சேவைக்குத் தந்த விலையாக ஆணையங்கள் எளிதில் ஏற்பதில்லை. ஆகவே உள்ளூர்த் தெருப் பள்ளத்துக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன், வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும் ஆபத்து அதிகம்.

சுங்கச் சாலை என்றால் நிலைமை தலைகீழ். ஓமலூரிலோ வைகுந்தத்திலோ மேட்டுப்பட்டியிலோ உள்ள சுங்கச்சாவடியில் ஃபாஸ்டாகில் பணம் பிடித்த கணமே நாம் காசு கொடுத்துச் சேவை வாங்கியவர்கள். 2025 ஆகஸ்டில் கேரளத்தின் பாலியேக்கரா சுங்கச்சாவடி வழக்கில், குண்டும் குழியுமான சாலையில் மாட்டிக்கொள்வதற்கு மக்கள் சுங்கம் கட்ட வேண்டுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. வசூலை நிறுத்திவைத்த உயர் நீதிமன்ற உத்தரவில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஆகவே தேசிய நெடுஞ்சாலையில் அடிபட்டால் அங்கிருந்தபடியே நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள், சுங்கம் பிடித்த குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், நேராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள்.

உள்ளூர்ச் சாலைக்கு மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். பெயரைக் கேட்டதும் பயப்படுகிறோம். கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், 14,000க்கு 420 ரூபாய். அரசுத் துறை மீது என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவுப்படி இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். டெல்லி சாந்தினி சவுக் மணிக்கூண்டு இடிந்து விழுந்த வழக்கில், அதைப் பராமரிக்கத் தவறிய மாநகராட்சியே பொறுப்பு என்று 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச் சொத்தைக் கவனிக்காமல் விட்டவர் ஈடு தர வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டில் அன்றே உறுதியாகிவிட்டது. நல்ல, பாதுகாப்பான சாலை வாழ்வுரிமையின் பகுதி என்று 2025இலும் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இருந்தும் இந்த வழி மெதுவானது, ஆண்டுக்கணக்கில் இழுக்கும். வெறும் தேய்ந்த சாலையின் பள்ளத்தைவிட, பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தோண்டிவிட்டுத் தடுப்பும் விளக்கும் வைக்காத குழியில் விழுந்த வழக்கு வலுவானது. தோண்டிய ஒப்பந்ததாரரையும் சேர்த்தே வழக்குப் போடுங்கள். மாறாக, 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததே, அதுபோன்ற நேரத்தில் மறுநாளே நேர்ந்த சேதத்துக்கு இயற்கைச் சீற்றம் என்ற பதில் வரும், அது நியாயமும்கூட. அதே பள்ளம் மூன்று மாதம் கழித்தும் அப்படியே கிடந்தால் அந்தப் பதில் செல்லாது.

அரசுக்கு உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனு காருக்கானது அல்ல, உயிருக்கும் உடலுக்குமானது. 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம் பள்ளத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம், காயத்துக்கு 50,000 முதல் 2.5 லட்சம் என்று வரையறுத்தது, அதுவும் மகாராஷ்டிரத்துக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு சொல்லும் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான அபராதமும் மரணமோ ஊனமோ நேர்ந்தால் மட்டுமே.

மாநில அரசிடம் புகார் சொல்லும் 1100 உதவி எண்ணும், நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலியும் பணம் வாங்கித் தராது. ஆனாலும் என் பார்வையில் அவை மிக முக்கியம். நீங்கள் விழுவதற்குப் பத்து நாள் முன்பே யாரோ ஒருவர் அங்கே புகார் பதிந்திருந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று எதிர்த்தரப்பு சொல்ல முடியாது. இங்கிலாந்தில் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டப்படி உள்ளாட்சிகளிடம் நேரடியாக இழப்பீடு கேட்கிறார்கள். முறையாகச் சாலையைச் சோதித்து வந்தோம் என்று உள்ளாட்சி நிரூபித்தால் தப்பிக்கலாம். அங்கேயும் வாதம் யாருக்கு எப்போது தெரியும் என்பதில்தான் முடிகிறது.

ஆகவே விழுந்த இடத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்துக்குள் ஒரு தண்ணீர் பாட்டிலை நிறுத்திப் படம் எடுங்கள், ஆழம் தெரியும். அருகிலுள்ள கடைப் பலகையும் படத்தில் வரட்டும். காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பில்லில் "பள்ளத்தில் விழுந்ததால் ஏற்பட்ட சேதம்" என்று எழுதச் சொல்லுங்கள். உடைந்த பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள்.

நான் 14,000 ரூபாயைக் கையிலிருந்து கட்டினேன். பிறகு அந்தச் சாலைக்குப் பொறுப்பானவர்களுக்குப் பதிவுத் தபாலில் முன்னறிவிப்பு அனுப்பினேன். கையெழுத்தும் முத்திரையுமாக ஒப்புகை அட்டை திரும்பி வந்திருக்கிறது. வளைந்த லோயர் ஆர்ம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒரு சாக்கில் இருக்கிறது. இரண்டு மாதக் கெடு இந்த மாதக் கடைசியில் முடிகிறது.