ஆகாய கங்கையா, மாசிலாவா? கேமராவோடு போனால்…

கார்த்திகை பிறந்த முதல் வாரம், அருவியைப் படமெடுக்கவென்றே கொல்லிமலைக்குப் போனேன். 70 கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கி மேலே வந்து சேர்ந்தபோது கையிலிருந்தது ஒன்றரை நாள். முதல் நாள் ஆகாய கங்கை, மறுநாள் காலை மாசிலா அருவி. அடுத்த முறை டிரைபாடை, அதாவது கேமரா முக்காலியை, எங்கே விரிப்பாய் என்று கேட்டால், யோசிக்காமல் மாசிலா என்பேன்.

உயரத்தில் போட்டியே இல்லை. ஆகாய கங்கையில் ஐயாறு என்கிற ஆறு சுமார் 300 அடி விழுகிறது. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கு மேல் படிகள். இறங்கும்போது தெரியாது, ஏறும்போது முழங்கால் சொல்லும். சரி, பையின் கனத்தைக் குறைத்தால் அதைச் சமாளித்துவிடலாம்.

சமாளிக்க முடியாதது சாரல். அத்தனை உயரத்திலிருந்து வரும் தண்ணீர் காற்றையும் சேர்த்து இழுத்து வருகிறது. அது கீழே பாறையில் மோதி நேராக நம் முகத்துக்குத் திரும்புகிறது. லென்ஸைத் துடைத்து, துணியை எடுத்து, ஐந்து எண்ணுவதற்குள் கண்ணாடி முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் துளி. தண்ணீர் பட்டுத்துணி மாதிரி வழிய வேண்டுமென்றால் ஷட்டர் அரை நொடியாவது திறந்திருக்க வேண்டும். அந்தக் காற்றில் டிரைபாடே நடுங்கியது. நாற்பது சொச்சம் படங்களில் தேறியவை இரண்டு. அவையும் சாரல் எட்டாத தூரத்துக்குப் பின்வாங்கி செல்போனில் எடுத்தவை. லென்ஸில் ஏறிய ஈரம் போக, ஊருக்கு வந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு டப்பாவில் மூன்று நாள் மூடி வைத்தேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் போனது நல்ல மழைக்கு மறுநாள், அதுவும் ஒரே ஒரு முறை. தண்ணீர் இறங்கிய பிறகு, தை மாதத்தில், இந்தக் கதை மாறலாம்.

மாசிலா சின்ன அருவி, பாறையில் தட்டித் தட்டி இறங்குகிறது. நாலு எட்டு தள்ளி நின்றால் லென்ஸ் காய்ந்தே இருக்கிறது. மேகம் மூடிய காலை. வெள்ளைத் தண்ணீர் வெளிறிப் போகவில்லை. லென்ஸ் முன்னால் மாட்டியிருந்த, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடியை மெல்லத் திருப்பினேன். ஈரப்பாறையின் பளபளப்பு வற்றி, அடியிலிருந்த பாசியின் பச்சை எழுந்து வந்தது. கேமராவில் வைத்த அளவு: ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் அரை நொடி. அவசரமில்லாமல் ஒரே இடத்தில் நின்று இருபது படம்.

கூட்டம்தான் குறை. முதல் ஆளாகப் போய்விட வேண்டும். பிறகு குளிக்க வருபவர்களின் வேன் வந்து நின்றால் வேலை முடிந்தது. மெதுவான ஷட்டரில் ஷாம்பு நுரை அருவியோடு அருவியாகக் கலந்துவிடும். பாறையில் காயும் சிவப்புத் துண்டு கலக்காது.

ஆகாய கங்கைக்குப் போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளம் என்று தடுக்காத நாளாகப் பார்த்துப் போங்கள். கேமராவை மேலே காரிலேயே பூட்டிவிட்டு, துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.