லீனியர் கைட்: வழுக்கு மூட்டா, வில் மூட்டா?

கொக்குவிலில் உள்ள பட்டறையொன்றுக்காக மரச் செதுக்கல் சிஎன்சி (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும்) மேசையை வடிவமைத்தபோது, அதை நேர்கோட்டில் ஓடவைக்கும் லீனியர் கைட்டின் இரு தண்டவாளங்களையும் அவற்றின்மீது ஓடும் நான்கு வண்டிகளையும் கணினி மாதிரியில் எவ்வாறு காட்டுவது என்பதே எங்கள் முதற் கேள்வியாயிற்று.

ஒவ்வொரு வண்டியையும் இலட்சிய வழுக்கு மூட்டாக, அதாவது சிறிதும் நெகிழாமல் ஒரே திசையில் வழுக்கும் இணைப்பாகக் கொண்டால், அது ஆறு அசைவுகளில் (மூன்று நேர் நகர்வுகள், மூன்று சுழற்சிகள்) ஐந்தைப் பூட்டி ஒன்றை மட்டும் விடுகிறது; மோட்டரின் முறுக்குவிசையையும் மேசையின் ஆர்முடுகலையும் விரைவாகக் கணிக்க இது போதும். ஆனால் நான்கு மூட்டுகளும் சேர்ந்து 20 கட்டுப்பாடுகளை விதிக்கின்றன. மேசைக்குத் தேவையானவையோ 5 மட்டுமே. மிகுதி 15ஐ மென்பொருள் தன் போக்கில் நீக்கினால், எந்த வண்டி எவ்வளவு சுமை தாங்குகிறது என்ற விடையை நம்ப முடியாது. எங்கள் முதல் ஓட்டத்தில் ஒரு வண்டி சுமையே இன்றி நின்றது.

வண்டியைச் சுருள்வில் போல் சற்று நெகிழும் இணைப்பாகக் கொள்ளும் வில் மூட்டு முறையில், வண்டி ஓடும் திசை தவிர்ந்த ஏனைய ஐந்து அசைவுகளுக்கும் விறைப்புப் பெறுமதிகள் கொடுக்கப்படுகின்றன. முன்சுமை (வண்டி தண்டவாளத்தில் முன்கூட்டியே இறுக்கப்பட்டிருக்கும் அளவு) கூடினால் விறைப்பும் கூடுமாதலால், அவற்றை உற்பத்தியாளரின் விவரக்கொத்தில் முன்சுமைத் தரம் பார்த்தே எடுக்க வேண்டும். வெட்டும் அலகின் நுனி எத்தனை மைக்ரோன் விலகுகிறது, மேசை எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது என்பவை இங்கேதான் தெரியவரும். கணிப்பு நேரம் கூடினாலும், நுணுக்கமான செதுக்கலுக்கு நான் இதையே தெரிவுசெய்வேன். தண்டவாளத்தைத் தாங்கும் இரும்புச் சட்டம் மெலிதாயின், அதையும் நெகிழும் பொருளாகவே காட்ட வேண்டும்.