சிறுவர் ஏடிவியில் கூடுதல் விளக்கு: மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது?

50 சிசி முதல் 125 சிசி வரையிலான சிறுவர் ஏடிவிகளில் (கரடுமுரடான தரையில் ஓடும் நான்கு சக்கர வண்டிகளில்) பல, முகப்பு விளக்கு இல்லாமலோ பெயரளவுக்கு ஒரு சிறு விளக்குடனோதான் வருகின்றன. சிறுவர்கள் இருட்டில் ஓட்டக்கூடாது என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டவை என்பதால், அவற்றின் ஸ்டேட்டரும் (இன்ஜின் சுழலும்போது மின்சாரம் உண்டாக்கும் பகுதி) ஒயரிங்கும் அந்தக் குறைந்த தேவைக்கு ஏற்ற அளவிலேயே இருக்கும். பெரியவர்களின் மேற்பார்வையில் அந்திப்பொழுதில் முற்றத்தைச் சுற்றுவதற்காக இரண்டு விளக்குகளைப் பொருத்துபவர், விளக்கின் பிரகாசத்தைப் பார்த்து வாங்கிவிட்டு, மின்சாரம் எடுக்கும் இடத்தைக் கடைசியில்தான் யோசிக்கிறார். பிறகு எழும் கோளாறுகளுக்கு வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. எடுக்கக்கூடிய இடங்கள் மூன்று: ஸ்டேட்டரில் விளக்குக்கென உள்ள கம்பிச்சுருளான லைட்டிங் காயில், வண்டியின் பேட்டரி, வண்டியோடு தொடர்பில்லாத தனி பேட்டரி.

லைட்டிங் காயிலிலிருந்து நேராக எடுப்பது மிகப் பழைய முறை. கிக்கரிலோ கயிற்றிலோ கிளப்பும் பேட்டரி இல்லாத வண்டிகளுக்கு இதுவே இயல்பான வழி. இங்கே வருவது ஏசி மின்சாரம். இன்ஜின் வேகம் ஏறினால் வோல்டேஜும் ஏறும், ஐடிலில் இறங்கும். ஹாலஜன் பல்பு இதைப் பொறுத்துக்கொள்ளும், ஐடிலில் மங்கலாக எரியும், அவ்வளவுதான். வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் இல்லாத வண்டியில் ஒரு பல்பு போய்விட்டால், அதன் சுமை நீங்கியதால் மிஞ்சிய வோல்டேஜ் முழுவதும் அடுத்த பல்பின் தலையில் விழுந்து அதையும் கொன்றுவிடும். எனவே இரண்டு பல்புகளும் ஒரே நாளில் போயின என்றால் பல்பின் தரத்தைக் குறை சொல்வதற்கு முன் ரெகுலேட்டரைப் பாருங்கள். எல்இடி விளக்கை இந்த ஒயரில் மாட்டினால் துடிதுடித்து எரியும். வேகம் ஏறும்போது அதன் உள்ளிருக்கும் டிரைவர் சர்க்யூட் கருகிப்போகவும் கூடும்.

இந்தத் துடிப்பைத் தீர்க்கப் பலர் ஏசியை டிசியாக மாற்றும் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையரை வாங்கி இடையில் வைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அதிகமான நேரத்தை வீணடிக்கும் தவறு இதுதான். பல சிறு ஸ்டேட்டர்களில் லைட்டிங் காயிலின் ஒரு முனை உள்ளேயே இரும்பு மையத்தோடு, அதாவது சேசிஸ் எர்த்தோடு, இணைக்கப்பட்டிருக்கும். பிரிட்ஜின் நெகட்டிவையும் சேசிஸில் இணைத்தால், உள்ளிருக்கும் ஒரு டயோடு காயிலின் இரு முனைகளுக்கும் குறுக்கே வந்து அமர்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதி அலை ஷார்ட் ஆகும். விளக்கு எரியத்தான் எரியும், ஆனால் மங்கலாக. காயிலும் ரெக்டிஃபையரும் தொடமுடியாத அளவுக்குச் சூடேறும். சரியான வழி, அந்த எர்த் முனையை மையத்திலிருந்து கழற்றித் தனி ஒயராக வெளியே கொண்டுவந்து, இரு முனைகளையும் எர்த்தில் படாமல் முழு அலை ரெக்டிஃபையர்-ரெகுலேட்டருக்குக் கொடுப்பது. இதற்கு ஸ்டேட்டரைக் கழற்றிச் சால்டர் செய்ய வேண்டும். இக்னிஷனுக்கான எக்ஸைட்டர் காயிலின் எர்த்தும் அதே புள்ளியில் சேர்ந்திருந்தால் அதை மட்டும் அங்கேயே விட்டுவைக்க வேண்டும். கை பழகாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இரண்டாவது வழி, வண்டியின் பேட்டரி. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள வண்டிகளில் இதையே முதலில் கருத வேண்டும். ஏனென்றால் ரெகுலேட்டர் வழியாக வரும் டிசி மின்சாரம் சீரானது, எல்இடிக்கும் ஏற்றது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இறங்கக்கூடாது. 35 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 70 வாட், 12 வோல்டில் ஏறக்குறைய 5.8 ஆம்பியர். உண்மையாகவே 18 வாட் எடுக்கும் எல்இடி இரண்டு என்றால் 36 வாட், 3 ஆம்பியர். (பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கை நம்பாமல், மல்டிமீட்டரை வரிசையில் இணைத்து ஆம்பியரை அளந்துவிடுவது நல்லது.) 4 ஆம்பியர்-மணி பேட்டரியில், சார்ஜிங் ஈடுகொடுக்காவிட்டால், ஹாலஜன் ஜோடி அரை மணி நேரத்தைத் தாண்டுவதே கடினம், அதற்குப் பிறகு செல்ஃப் சுற்றாது.

சார்ஜிங் ஈடுகொடுக்கிறதா என்பதை அறிவது எளிது. இன்ஜின் நின்றிருக்கையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்டும். விளக்கைப் போட்டு, இன்ஜினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு பேட்டரி முனைகளில் அளந்தால், 13.5 முதல் 14.5 வோல்டுக்குள் இருக்க வேண்டும். 13-க்குக் கீழே நின்றுவிட்டால் காயிலின் சக்தி போதவில்லை, அல்லது சார்ஜிங்கில் கோளாறு. விளக்கை அணைத்ததும் உயர்ந்துவிடுகிறது என்றால் முன்னது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது, அல்லது அதன் எர்த் சரியில்லை.

விளக்கைப் போட்டதும் இன்ஜின் திணறுகிறது என்ற புகாரில், சிடிஐ (பொறியை உண்டாக்கும் இக்னிஷன் பெட்டி) எந்த வகை என்பதே முதல் கேள்வி. பேட்டரி மின்சாரத்தில் இயங்கும் டிசி சிடிஐ என்றால் வோல்டேஜ் சரிவதால் பொறி பலவீனப்பட்டிருக்கலாம். ஏசி சிடிஐ தனி எக்ஸைட்டர் காயிலை நம்பியிருப்பதால், அங்கே இன்ஜின் அணைந்தால் விளக்கின் ஒயர் தவறுதலாக, இன்ஜினை நிறுத்தும் கில் ஒயரிலோ எக்ஸைட்டர் ஒயரிலோ சேர்க்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

விளக்கு மட்டும் மங்கல் என்றால் எர்த்தைச் சந்தேகியுங்கள். பெயிண்ட் பூசிய ஃபிரேமில் திருகிய எர்த், மீட்டரின் கண்டினியுட்டி (இணைப்பு இருக்கிறதா என்ற) சோதனையில் பீப் ஒலி எழுப்பி ஏமாற்றும். சுமை ஏறும்போதுதான் அதன் குணம் தெரியும். விளக்கு எரியும் நிலையில் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை விளக்கின் நெகட்டிவிலும் வைத்துப் பாருங்கள், 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் பெயிண்டைச் சுரண்டி, எர்த் ஒயரைப் பேட்டரிக்கே கொண்டுபோய்விடுவது உத்தமம். இதேபோல் பாசிட்டிவ் பக்கத்தையும் அளக்கலாம். விளக்கின் சுமையை வண்டியின் மெல்லிய சுவிட்சில் ஏற்றாமல், சாவி போட்டதும் உயிர் பெறும் ஒயரால் ரிலேயை (சிறு மின்சாரத்தால் பெரிய சுமையை இயக்கும் சுவிட்சை) மட்டும் இயக்கி, 3 ஆம்பியர் சுமைக்குப் பேட்டரி அருகிலேயே 5 ஆம்பியர் பியூஸ் வைக்க வேண்டும்.

மூன்றாவது வழியான தனி பேட்டரியைக் கெட்டிக்காரர்கள் ஏளனம் செய்வார்கள். 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், சிறு வண்டிக்கு அது கணிசமான பாரம். தாழ்வாக, அசையாமல் கட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும் சார்ஜ் போட வேண்டும். ஆயினும் மேற்சொன்ன எல்இடி ஜோடியை ஒரு மணி நேரத்துக்கு மேல் எரியவிட அது போதும். வண்டியின் ஒயரிங்கை அது தொடுவதே இல்லை. அதைவிட முக்கியம், கோளாறு பார்க்கும் கருவியாகவும் அது பயன்படுகிறது. சந்தேகமுள்ள விளக்கை அதில் நேராக இணைத்துப் பார்த்தால், பிழை விளக்கிலா வண்டியிலா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செல்ஃப் ஸ்டார்ட்டும் நலமான சார்ஜிங்கும் உள்ள வண்டிக்குப் பேட்டரி வழியும் குறைந்த வாட் எல்இடியும் என் தேர்வு. பேட்டரி இல்லாத வண்டிக்கு, காயிலைத் திருத்தும் ஆசையை விட்டுவிட்டுத் தனி பேட்டரியையே சொல்வேன். ஹாலஜனோடு காயிலில் நேராக ஓட்டுவது, ரெகுலேட்டர் இருந்து மங்கல் ஒளி போதும் என்பவர்களுக்கு மட்டும்.

வேலை முடிந்ததும் விளக்கு எரியும்போதே பாதுகாப்புக் கயிற்றை இழுத்து இன்ஜின் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவியை அணைத்தும் பார்க்க வேண்டும். டிசி சிடிஐ உள்ள வண்டியில் ரெகுலேட்டரிலிருந்து வரும் ஒயரைத் தவறாகச் சாவிக்கு அப்பால் சேர்த்திருந்தால், சாவியை அணைத்த பின்னும் ஸ்டேட்டர் சிடிஐக்கு மின்சாரம் ஊட்டிக்கொண்டே இருக்கும், இன்ஜின் நிற்காது. அப்படி நிற்காவிட்டால், அந்த இணைப்பைப் பிரித்துச் சரிசெய்யும்வரை சிறுவரை வண்டியில் ஏற்றக்கூடாது.