உப்புக்காற்றில் மூன்று வருடம்: காருக்குள் ஒட்டிய பியூட்டைல் ஷீட்

எங்கள் வீடு மண்டபத்தில். அம்மாவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குக் கண் சிகிச்சைக்காகக் கூட்டிப்போக வேண்டும். வண்டி பத்து வருடம் ஓடிய டீசல் ஹாட்ச்பேக். அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பின்சீட்டிலிருந்து அவர் கேட்பது எனக்குப் பாதிதான் காதில் விழும், நான் சொல்லும் பதில் அவருக்கு எட்டாது. பரமக்குடி வருவதற்குள் இரண்டு பேரும் பேச்சை விட்டுவிடுவோம். காருக்குள் சத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்று நான் இறங்கியது அதற்காகத்தான். பாட்டு நன்றாகக் கேட்பதெல்லாம் அப்புறம்.

முதல் தடவை ஒரு கடையில் கொடுத்து ஒரே நாளில் ஒட்டி வாங்கினேன். கதவு, தரைத் தகடுகளின் உட்பக்கம் ஒட்டுகிற கறுப்பு ஷீட், மேலே அலுமினியத் தாள். தரைக்கு அதன்மேல் சணல் ஃபெல்ட் போட்டார்கள். பங்குனி வரை ஒரு குறையும் இல்லை. சித்திரை பிறந்ததும் கதவைத் திறந்தால் ரோடு போடுகிற இடத்தில் நிற்கிற மாதிரி தார் வாடை. வெயிலில் நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதில் ஷீட் இளகி, கதவுக்குள்ளேயே வழுக்கி, தண்ணீர் வெளியேறும் அடித் துளைகளை அடைத்து மடிந்து கிடந்திருக்கிறது. ஐப்பசி மழையில்தான் தெரிந்தது. பிரேக் போட்டால் கதவுக்குள் தண்ணீர் சளக் சளக் என்று ஆடியது.

ஃபெல்ட் செய்த வேலை அதைவிட மோசம். தனுஷ்கோடி போய்விட்டு ஈரக்காலோடு ஏறிய உப்புத்தண்ணீரை அது குடித்து வைத்துக்கொண்டது. உப்பு இருக்கிற இடம் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும், லேசில் காயாது. கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தபோது ஓட்டுநர் காலடித் தகடு பொரிந்துபோய், விரல் பட்டதும் செதில் செதிலாக உதிர்ந்தது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பைச் சோதிப்பதற்கென்றே மண்டபம் முகாமில் ஒரு மையம் வைத்திருக்கிறது. எங்கள் ஊர்க் காற்று அப்படிப்பட்டது. அதனால் இங்கே ஷீட் வாங்கும்போது சத்தத்தை எவ்வளவு குறைக்கும் என்பதை இரண்டாவதாகத்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்குமா, வெயிலில் இளகுமா என்பது முதலில்.

இரண்டாவது தடவை நானே சோதித்து வாங்கினேன். பியூட்டைல் என்பது ஒருவகை செயற்கை ரப்பர். தார் ஷீட்டையே பியூட்டைல் என்று சொல்லி விற்கிறார்கள், கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். மூன்று கடைகளில் உள்ளங்கை அகலத் துண்டு வாங்கி, மொட்டைமாடித் தகரக் கதவில் வரிசையாக ஒட்டி, ஓரத்தை பென்சிலால் குறித்துவைத்தேன். அக்கினி நட்சத்திர வெயில். மூன்றாம் நாள் ஒரு துண்டு கோட்டைவிட்டு இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. இன்னொன்றின் அலுமினியத் தாள் தனியாகக் கழன்று நின்றது. மூன்றாவது அசையவில்லை. ஓரத்தைக் கிள்ளி இழுத்தால் பலாப்பால் போல நூல்நூலாக நீண்டது, தார் வாடையும் இல்லை. அதுதான் பியூட்டைல். விலை தார் ஷீட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. ஃபெல்ட்டுக்குப் பதிலாகப் போடும் ஃபோமுக்குச் சோதனை இன்னும் சுலபம். ஒரு துண்டை ராத்திரி முழுவதும் தண்ணீரில் அமுக்கிவைத்து, காலையில் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் அது நம் கடற்கரைக்கு ஆகாது.

இந்த ஷீட் சத்தத்தைத் தடுக்கிற சுவர் என்று பலர் நினைக்கிறார்கள். அது அதிர்கிற தகட்டை அடக்குகிறது, அவ்வளவுதான். தகடு வளையும்போது மேலேயுள்ள அலுமினியத் தாள் நீள மறுக்கும். நடுவில் மாட்டிய ரப்பர் இழுபட்டு, அதிர்வு சூடாக மாறிப் போய்விடும். அதனால் இண்டு இடுக்கெல்லாம் ஒட்டத் தேவையில்லை. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், டின் மாதிரி கணீரென்று ஒலிக்கிற இடத்தின் நடுவில் ஒட்டினால் போதும். அரைவாசிக்கும் குறைவான பரப்பிலேயே பெரும்பலன் கிடைத்துவிடுகிறது. 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ வரும், அந்தச் சுமையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்துக் காயவிட்டு, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகுதான் ஒட்டினேன். ரோலர் வைத்து அழுத்தி உருட்டினேன். அடியில் காற்று நின்றால் அங்கே ஈரம் சேரும். கதவில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். கண்ணாடி வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அது அடித் துளைகள் வழியாக வெளியேற வேண்டும், அந்த இடத்தை ஷீட் தொடவே கூடாது. ஒட்டி முடித்ததும் கண்ணாடிமேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, துளை ஒவ்வொன்றிலும் சொட்டுகிறதா என்று குனிந்து பார்த்தேன். மாதம் ஒருமுறை அந்தத் துளைகளில் சேரும் மணலை விளக்குமாற்று ஈர்க்கால் குத்திவிடுகிறேன். கம்பி வேண்டாம், பெயின்ட் போய் அங்கேயே துருப்பிடிக்கும்.

பலன் என்ன? பாம்பன் சாலைப் பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போது முன்பு டங் டங் என்று தகரத்தில் அடித்த மாதிரி கேட்கும். இப்போது தொப் தொப் என்று முடிந்துவிடுகிறது. கதவு சாத்தும் சத்தமும் கனமாகிவிட்டது. டயர் இரைச்சல் கொஞ்சம்தான் குறைந்தது. தேய்ந்த டயரை மாற்றியபோதுதான் மீதி போனது. கச்சான் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது வருகிற ஊளைக்கும் ஷீட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அது கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையின், அதாவது பீடிங்கின் கோளாறு. ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தேன். தடையில்லாமல் உருவி வந்த இரண்டு கதவுகளுக்கு பீடிங் மாற்றியதும் ஊளை நின்றது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

போன மாதம் பவர் விண்டோ வேலைக்காக கதவின் உட்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றினார்கள், நானும் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று வருடத்தில் ஷீட் இறங்கவில்லை, வாடை இல்லை, தகட்டில் துரு இல்லை. ஒரு மூலை மட்டும் கிளம்பியிருந்தது, கிரீஸ் சரியாகத் துடைக்காத இடம். வெட்டிய ஓரங்களில் அலுமினியத் தாள் உப்பில் பூத்து, வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. புதிதாக ஒட்டுபவர்கள் ஓரங்களை பியூட்டைல் டேப்பால் மூடிவிடுங்கள். நானும் இந்த ஞாயிறு அதைத்தான் செய்யப்போகிறேன். கூரைக்கு இன்னும் ஒட்டவில்லை. மழை பெய்தால் தகரக்கொட்டகைக்குள் இருப்பது போலத்தான் இருக்கிறது. அடைமழை தொடங்குவதற்குள் அதையும் முடிக்க வேண்டும், ஏனென்றால் அம்மா இப்போது மானாமதுரை வரைக்கும் பேசிக்கொண்டே வருகிறார்.