கூர்நோக்கு இல்ல விதிகள்: சோற்றுக்குக் கணக்கு உண்டு, இரவுக்கு இல்லை

குற்றச்சாட்டுக்கு ஆளான 18 வயதுக்குட்பட்ட பையன் விசாரணை முடியும்வரை தங்கும் இடம் கூர்நோக்கு இல்லம். அங்கே அவனுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதை 2015 இளைஞர் நீதிச் சட்டமும் 2016 மாதிரி விதிகளும் வரிவரியாகச் சொல்கின்றன. அந்த நடைமுறையை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, எது உதவுகிறது, எது வழுக்குகிறது என்று இங்கே பார்க்கலாம்.

செங்கல்லிலும் சோற்றிலும் விதிகள் கெட்டி. 50 பேருக்கு இரண்டு படுக்கைக்கூடம், ஒவ்வொன்றும் 1,000 சதுர அடி. ஆளுக்கு 40 சதுர அடி வருகிறது. ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்து பேருக்கு ஒரு குளியலறை. தானியம் நாளுக்கு 600 கிராம், 16 வயதைத் தாண்டியவனுக்கு 700. பருப்பு 120 கிராம், பால் 150 மில்லி. இதைச் சரிபார்ப்பதும் சுலபம். 60 பேர் இருக்கும் இல்லத்தில் ஒரு நாளைக்கு 7 கிலோ 200 கிராம் பருப்பு ஸ்டோரை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். பதிவேட்டில் 4 கிலோ என்றிருந்தால் சாம்பாரை ருசி பார்க்கவே வேண்டாம்.

சிக்கல் வாசலில் தொடங்குகிறது. வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை என்பது விதி. அவசரம் என்றால் உடனே. நடைமுறையில் இது ‘உடல்நிலை நன்று’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. அந்த வரியால் யாருக்கும் பயனில்லை. மனித உருவம் முன்னும் பின்னும் வரைந்த தாளில் ஒவ்வொரு காயத்தையும் குறித்து, நீளம், நிறம், ‘எப்படி ஆச்சு?’ என்ற கேள்விக்குப் பையன் சொன்ன பதில், நேரம் எல்லாம் எழுத வேண்டும். ஒப்படைக்கும் காவலர், வாங்கிக்கொள்ளும் ஊழியர், மருத்துவர் என மூன்று பேரின் கையெழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு காயம் தெரியவரும்போது, வரும்போதே இருந்தது என்று இல்லமும், இல்லை என்று காவல்துறையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கும். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு இல்லத்தில் இருந்த 17 வயதுப் பையன் இறந்தது, கொண்டுவரப்பட்ட சில நாளுக்குள். இல்ல ஊழியர்கள் கைதானார்கள். பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. முதல் மூன்று நாள் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த மூன்று நாளில் இன்னொன்றும் நடக்கும். கஞ்சாவோ மாத்திரையோ பழகியவனுக்குத் திடீரென்று அது நின்றுபோனால் தூக்கம் வராது, வேர்க்கும், எரிந்து விழுவான். இது தெரியாத ஊழியர் திமிர் என்று படிப்பார். அடி விழக்கூடிய புள்ளி இது. சேர்க்கைத் தாளிலேயே என்ன பழக்கம், கடைசியாக எப்போது என்று கேட்டு எழுதிவிட்டால் இரவுப் பணியில் இருப்பவருக்கும் விஷயம் தெரியும்.

சொறி சிரங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும்; இல்லங்களின் நிரந்தர விருந்தாளி அது. மருத்துவர் எழுதித் தரும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை அரிக்கிற இடத்தில் மட்டும் தடவினால் வீண். கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை தடவி, 8 முதல் 14 மணி நேரம் வைத்திருந்து குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடியும். அதே கூடத்தில் படுக்கும் எல்லோருக்கும் அதே இரவில். துணி, போர்வை மறுநாள் சுடுதண்ணீரில். ஒருவனுக்கு மட்டும் தடவினால் பக்கத்துப் பாயிலிருந்து திரும்ப வந்துவிடும். சிகிச்சைக்குப் பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தினமும் தடவிப் புண்ணாக்கிக்கொள்வார்கள்.

விதிகளில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி புகார்ப்பெட்டி. அலுவலகத்தை விட்டுத் தள்ளி, படுக்கைக்கூடத்தின் பக்கத்தில் மாட்ட வேண்டும். சாவி, இல்லத்தை மேற்பார்க்கும் மேலாண்மைக் குழுவின் தலைவரிடம். வாரம் ஒருமுறை, இல்லத்துப் பையன்களே உறுப்பினராக உள்ள குழந்தைகள் குழுவினர் பார்க்க, அவரோ அவருடைய பிரதிநிதியோ திறக்க வேண்டும். எழுதியவர் யோசித்து எழுதியிருக்கிறார். ஆனால் பெட்டி கண்காணிப்பாளர் அறைக்கு எதிரே தொங்கி, சாவி அவர் மேசை இழுப்பறையில் கிடந்தால் எல்லாம் போச்சு. யாரைப் பற்றிப் புகாரோ அவரே தபால்காரர்! பேனா கேட்டு வாங்கித்தான் எழுத முடியும் என்றாலும் இதே கதைதான். எழுதத் தெரியாதவனுக்குப் பெட்டியே இல்லை. அவனுக்கு வாரம் ஒருமுறை வெளியிலிருந்து வரும் ஆற்றுப்படுத்துநரிடம் (கவுன்சலர்) தனியாகப் பத்து நிமிடம் வேண்டும்.

தொழிற்பயிற்சியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. விசாரணைக்குச் சட்டம் தரும் காலமே நான்கு மாதம், நீட்டித்தால் இன்னும் இரண்டு. அதற்கு முன்பே ஜாமீனில் போய்விடுகிறவனுக்கு ஆறு மாதத் தையல் வகுப்பு எதற்கு? இரண்டு வாரத்தில் முடியும் பாடங்கள் போதும்.

மிகப் பெரிய ஓட்டை, இரவு. மாதிரி விதிகள் 100 குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கும் இல்லத் தந்தை அல்லது தாய் (கூடவே இருந்து பையன்களைக் கவனிக்கும் ஊழியர்) பணியிடம் 4. மூன்று ஷிஃப்ட், வார விடுப்பு என்று கழித்தால் இரவுக்கு மிஞ்சுவது ஒருவர். கூடமோ நான்கு. ஒற்றை ஆள் என்ன செய்வார்? வாட்டசாட்டமான பையனை ‘லீடர்’ ஆக்கிவிடுவார். சின்னவர்களை அடக்கும் வேலை அவன் கைக்குப் போகும். எவ்வளவு ஆற்றுப்படுத்தினாலும் இந்த ஏற்பாடு இருக்கும்வரை அடி நிற்காது. இரவில் குறைந்தது இரண்டு பேர் விழித்திருக்க வேண்டும். சுற்றுக்கு வரும் நேரம் ஒரே மாதிரி இருக்கக்கூடாது, ஒவ்வொரு சுற்றும் நேரத்தோடு பதிவாக வேண்டும். எந்தப் பையன் கையிலும் சாவியோ கம்போ கூடாது. புதிதாக வந்தவனின் பாய் முதல் 72 மணி நேரம் ஊழியர் மேசைக்கு அருகில்.

ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டும். குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண், ஒரு மருத்துவ அலுவலர். ஒரு வாரத்தில் அறிக்கை. எந்த நேரத்தில் வர வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. காலை 11 மணிக்குப் போனால் துடைத்த தரையும் மடித்த போர்வையும்தான் கிடைக்கும். இரவு 10 மணிக்குப் போங்கள். பணிப் பட்டியலில் உள்ள பெயர்களையும் எதிரே நிற்கும் ஆட்களையும் முதலில் எண்ணுங்கள்.