மத ஒடுக்குமுறைக்கு எதிராக: புறக்கணிப்பா, சட்டத் தடையா, பங்குதாரர் அழுத்தமா?

1556ஆம் ஆண்டு, இத்தாலியின் அங்கோனா துறைமுக நகரம். இருபதுக்கும் மேற்பட்ட யூதர்களுக்கு மரண தண்டனை விதித்து அவர்களை எரித்தார்கள். அவர்கள் செய்த குற்றம் இதுதான்: போர்ச்சுகலில் கட்டாய ஞானஸ்நானம் பெற்றவர்கள், அங்கோனாவுக்கு வந்தபின் தங்கள் பழைய மதத்துக்கே திரும்பினார்கள். முந்தைய போப்பாண்டவர்கள் அவர்களுக்கு அடைக்கலம் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். நான்காம் பவுல் பதவிக்கு வந்ததும் அந்த வாக்கு காற்றில் போனது.

கைதுகளும் எரிப்பும் பற்றிய செய்திகள் ஒட்டோமான் பேரரசின் தலைநகரான இஸ்தான்புல்லை எட்டியபோது அங்கிருந்து இரண்டு விதமான எதிர்வினை கிளம்பியது. சிறையில் கிடப்பவர்களில் என் குடிமக்களை விடுவியுங்கள் என்று சுல்தான் சுலைமான் போப்பாண்டவருக்குக் கடிதம் எழுதினார். ஒட்டோமான் குடிமக்கள் என்று கணக்கில் வந்தவர்கள் தப்பினார்கள். இன்னொரு பக்கம், கிராசியா நாசி. பெரிய வணிகக் குடும்பத்தின் தலைவி. அவரும் போர்ச்சுகலில் கிறிஸ்தவப் பெயரோடு மறைந்து வாழ்ந்தவர்தான். அங்கோனாவுக்கு இனி ஒரு மூட்டைச் சரக்குகூடப் போகக் கூடாது, எல்லாம் பெசாரோ துறைமுகத்துக்குத் திரும்பட்டும் என்று அவர் ஒட்டோமான் நாட்டு யூத வணிகர்களைத் திரட்டினார்.

அந்தப் புறக்கணிப்பு தோற்றது. பெசாரோவின் துறைமுகம் அவ்வளவு வணிகத்தைத் தாங்கவில்லை என்பது ஒரு காரணம். என்னை அதிகம் உறுத்துவது மற்றொன்று. அங்கோனாவில் தலைமுறைகளாக வாழ்ந்த யூதர்களே, இதை நிறுத்துங்கள், போப்பாண்டவரின் கோபம் எங்கள் மேல் திரும்பும் என்று கடிதம் எழுதினார்கள். அதைப் படித்த ரபிகள், அதாவது யூத மத குருக்கள், இரண்டாகப் பிரிந்தார்கள். யோசுவா சொன்சினோ என்ற ரபி, ஓரிடத்து யூதர்களைக் காப்பாற்ற இன்னோரிடத்து யூதர்களைப் பலி கொடுக்க முடியாது என்ற நிலையில் நின்றார். வணிகம் தன் பக்கம் வரும் என்று காத்திருந்த பெசாரோவின் பிரபு, அது வராததும் 1558இல் அந்த அகதிகளை வெளியேற்றினார்.

கிட்டத்தட்ட ஐந்நூறு வருடம் ஆகிறது. எங்கோ ஒரு நாட்டில் ஒரு மதத்தவரை அடைத்து வைக்கிறார்கள், விரட்டுகிறார்கள் என்று கேள்விப்படும்போது இன்றும் நம் கைக்கு எட்டுவது ஏறக்குறைய அதே வழிகள்தான். வாங்காமல் இருக்கலாம். நம் அரசு இறக்குமதியைத் தடுக்கும்படி செய்யலாம். அங்கே தொழில் நடத்தும் நிறுவனத்தின் பங்குதாரர்களை நெருக்கலாம். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது எங்கே எடுபடும் என்பது ஓரளவு தெளிவாகிறது.

புறக்கணிப்பின் பெரிய பலம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். இன்று முடிவெடுத்தால் இன்றே தொடங்கலாம். ஹிட்லர் பதவிக்கு வந்த இரண்டே மாதத்தில், 1933 மார்ச் 27 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெருங்கூட்டம் திரண்டது. ஜெர்மன் சரக்கு வேண்டாம் என்ற குரல் பரவியது. அந்த நேரத்தில் எந்த அரசும் அசையவில்லை. சாதாரண மக்கள்தான் அசைந்தார்கள். ஆனால் நாஜிகள் அதையே சாக்காக வைத்து, ஏப்ரல் 1 அன்று ஜெர்மனியில் யூதர்களின் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி வாசலில் ஆட்களை நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஹவாரா ஒப்பந்தம் வந்தது. பாலஸ்தீனத்துக்குக் குடிபெயரும் ஜெர்மன் யூதர்கள் தங்கள் சொத்தின் ஒரு பகுதியை ஜெர்மன் சரக்கு ஏற்றுமதி வழியாக வெளியே கொண்டுபோக அது இடம் கொடுத்தது. போர் தொடங்கும் வரை அந்த வழியில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தப்பித்தார்கள். ஜெர்மன் சரக்கை வாங்காதே என்று ஒரு தரப்பு போராட, அதே சரக்கை வாங்கித்தான் இன்னொரு தரப்பு உயிர்களை மீட்டது. இரண்டு தரப்பையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால், புறக்கணிப்பை அறிவிக்கும் முன் உள்ளே இருப்பவர்கள் எந்தக் கதவு வழியாகத் தப்பிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதை அந்த வருடம் கற்றுக்கொடுத்தது.

இன்றைய புறக்கணிப்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பருத்திச் சட்டையை எடுத்துக் கழுத்துப்பட்டையில் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். எந்த நாட்டில் தைத்தது என்று மட்டும்தான் அது சொல்லும். பஞ்சு எங்கே விளைந்தது, எங்கே நூலானது, துணியை எங்கே நெய்தார்கள் என்று சொல்லாது. சீனாவின் பருத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல், உலகப் பருத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஷின்ஜியாங்கிலிருந்து வருகிறது. உய்குர் முஸ்லிம்களைப் பெருமளவில் முகாம்களில் அடைத்த அதே பகுதி. அங்கே நடப்பவை மனித குலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகமே 2022 ஆகஸ்ட் 31 அன்று அறிக்கை வெளியிட்டது. அந்தப் பஞ்சு நூலாகி, வேறொரு நாட்டில் துணியாகி, மூன்றாவது நாட்டில் சட்டையாகி வந்தால் லேபிளில் ஷின்ஜியாங்கின் சுவடே இருக்காது. கடையில் நிற்கும் ஒருவர் எவ்வளவு நல்ல மனதோடு இருந்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

சட்டம் இங்கேதான் முந்துகிறது. அமெரிக்காவின் உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம் 2021 டிசம்பரில் கையெழுத்தாகி, 2022 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. ஷின்ஜியாங்கில் முழுதாகவோ பகுதியாகவோ உருவான எந்தப் பொருளும் கட்டாய உழைப்பில் வந்தது என்றே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்றால் நிரூபிக்க வேண்டியது இறக்குமதியாளரின் பாடு. நுகர்வோரின் தலையில் இருந்த சுமையை நிறுவனத்தின் தலைக்கு மாற்றிய இந்த ஒரு விதிக்காகவே சட்டத்தை நான் மேலே வைப்பேன். பஞ்சில் அது விளைந்த மண்ணும் நீரும் ஐசோடோப்பு அடையாளமாக, அதாவது ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணுக்களின் விகிதமாக, தங்கியிருக்கும். அதைச் சோதிக்கும் ஆய்வகங்களையும் சுங்கத்துறை பயன்படுத்துகிறது. லேபிள் மறைப்பதை இழை சொல்லிவிடுகிறது.

சட்டத்திலும் ஓட்டைகள் இருக்கின்றன. 800 டாலருக்குக் குறைந்த சில்லறைப் பார்சல்கள் பெரிய சோதனை இல்லாமல் நுழைந்துகொண்டிருந்தன. சீனச் சரக்குக்கு அந்தச் சலுகை 2025 மே மாதத்தில்தான் நின்றது. அமெரிக்காவுக்குத் தூய்மையான சரக்கு, மற்ற நாடுகளுக்கு மற்றது என்று நிறுவனங்கள் இரண்டு பாதை போட்டுக்கொள்ளவும் முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டாய உழைப்புத் தடை 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும்போது அந்த இரண்டாவது பாதை கொஞ்சம் குறுகும்.

இன்னொன்று, சட்டத்தில் எதைச் செய்தால் தடை விலகும் என்று எழுத முடியும். புறக்கணிப்பில் அதைச் சொல்ல ஒருவரும் இருப்பதில்லை. ஆரம்பித்தவர்கள் ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். யூதர்களை வெளியேற விட்டால் வர்த்தகச் சலுகை என்று சோவியத் ஒன்றியத்துக்கு நிபந்தனை வைத்த அமெரிக்காவின் ஜாக்சன்-வானிக் திருத்தம் 1975 ஜனவரியில் சட்டமானது. மாஸ்கோ உடனே முறைத்துக்கொண்டது. 1973இல் சுமார் 35,000 ஆக இருந்த வெளியேற்றம் 1975இல் 13,000 அளவுக்குச் சரிந்தது. பிறகு 1979இல் 51,000ஐத் தாண்டியது. அந்த ஏற்றத்துக்கு இந்தச் சட்டம்தான் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் கதவு எந்தச் சாவிக்குத் திறக்கும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

சரி, பங்குதாரர் அழுத்தம்? வேகமாகப் பலன் தருவதுபோலத் தெரிவது இதுதான். அது என்னை ஏமாற்றிய இடமும் உண்டு. சூடானின் தெற்கில் கிறிஸ்தவர்களும் மரபு மதத்தவரும் எண்ணெய் வயல்களைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து விரட்டப்பட்டபோது, அங்கே எண்ணெய் எடுத்த கனடாவின் டாலிஸ்மன் நிறுவனத்தைத் தேவாலயங்களும் மனித உரிமை அமைப்புகளும் விடாமல் நெருக்கின. ஓய்வூதிய நிதிகள் பங்குகளை விற்றன. 2003இல் டாலிஸ்மன் வெளியேறியது. அந்த எண்ணெய்த் திட்டத்தில் அதற்கிருந்த 25 சதவீதப் பங்கை இந்திய அரசு நிறுவனமான ஓஎன்ஜிசி விதேஷ் வாங்கியது. எண்ணெய் நிற்கவில்லை, கார்ட்டூமில் இருந்த சூடான் அரசுக்குப் போன பணமும் நிற்கவில்லை. தேவாலயங்களின் கேள்விக்குக் கூசிய ஒரு நிறுவனம் போய், அந்தக் கேள்வியே எட்டாத ஒரு நிறுவனம் வந்தது.

மியான்மரில் இந்த மூன்று வழிகளும் ஒன்றோடொன்று உரசுகின்றன. 2017 ஆகஸ்ட்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அந்த செப்டம்பர் 1 அன்று, ஊர்கள் எரிந்துகொண்டிருந்த அதே நாட்களில், மியான்மர் புரூவரி நிறுவனத்தின் நன்கொடை ராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங்கின் கையில் தொலைக்காட்சி கேமராக்களுக்கு முன்னால் ஒப்படைக்கப்பட்டது. ஜப்பானின் கிரின் நிறுவனமும் ராணுவத்தின் தொழில் குழுமமும் கூட்டாக நடத்திய பீர் ஆலை அது. குடிப்பவரின் பணத்துக்கும் துப்பாக்கிக்கும் நடுவே இவ்வளவு குறைந்த தூரம் வேறெங்கும் நான் கண்டதில்லை. புறக்கணிக்க வேண்டிய பொருள் என்றால் அந்த பீர்தான். 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு மியான்மர் மக்களே அதைக் கடைகளிலிருந்து அகற்றினார்கள்.

அதே நாட்டின் ஆயத்த ஆடையைப் பாருங்கள். தைப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்து யங்கூனுக்கு வந்த இளம்பெண்கள். பீரைப்போல அந்தச் சட்டை நேராக ராணுவத்தின் கல்லாவில் போய் விழுவதில்லை. 2003இல் அமெரிக்கா மியான்மர் இறக்குமதியை மொத்தமாகத் தடை செய்தபோது வேலை இழந்தது அந்தப் பெண்கள்தான், பல்லாயிரம் பேர். புரட்சிக்குப் பின்னும் தொழிற்சங்கங்கள் ஒரே குரலில் பேசவில்லை. வெளிநாட்டு பிராண்டுகள் போகட்டும் என்றன சில, இருக்கட்டும் என்றன சில. அவர்களுக்குள்ளேயே ஒரு முடிவு வராதபோது தூரத்திலிருந்து நான் அவர்களுக்காக முடிவெடுக்கத் தயங்குகிறேன்.

ஷின்ஜியாங்கில் நிலைமை வேறு. உலக உய்குர் காங்கிரஸ் உட்பட, நாட்டுக்கு வெளியே இருக்கும் உய்குர் அமைப்புகளே பிராண்டுகள் அங்கிருந்து விலக வேண்டும் என்று கூட்டணி அமைத்துக் கேட்கின்றன. 2021 மார்ச்சில், ஷின்ஜியாங் பருத்தி பற்றிக் கவலை தெரிவித்திருந்த பழைய அறிக்கைக்காக ஆடை நிறுவனமான எச் அண்ட் எம் சீனாவின் இணையக் கடைகளிலிருந்தே அகற்றப்பட்டது. நுகர்வோர் புறக்கணிப்பைத் தன் ஆயுதமாகத் திருப்பிப் பிடிக்கச் சீன அரசு தெரிந்துகொண்டது. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தனி நிறுவனத்தின் துணிச்சல் போதாது. எல்லோரையும் சமமாகக் கட்டுப்படுத்தும் சட்டம் இருந்தால், எங்களுக்கு வேறு வழியில்லை என்று அந்த நிறுவனமும் சொல்லிக்கொள்ளலாம்.

ஆக, என் தேர்வு பொருளுக்குப் பொருள் மாறுகிறது. பருத்தி, தக்காளி, சூரியத் தகடு போலப் பல கை மாறி வருபவற்றுக்குச் சட்டத் தடை. பீர் போல நேராக ஒடுக்குபவர் கைக்குப் போவதற்குப் புறக்கணிப்பு. பங்குதாரர் அழுத்தத்தையும் நான் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் வெளியேறு என்பதோடு கோரிக்கை நிற்கக் கூடாது. யாருக்கு விற்கிறாய் என்பதும் அதில் இருக்க வேண்டும். கிரின் 2023 ஜனவரியில் மியான்மரை விட்டுப் போனது. தன் 51 சதவீதப் பங்கை அந்த பீர் நிறுவனத்துக்கே விற்றுவிட்டுப் போனது. ஆலை முழுக்க ராணுவத்தின் கையில் சேர்ந்தது.