மிளிரி உருவாவதைப் பார்க்க: தேய்த்த சீவலா, சுண்ணம் நீக்கிய சீவலா?

யாழ்ப்பாணத்தில் செயல்திட்டம் செய்யும் மாணவர்கள் தடுமாறும் இடம் இது. மிளிரி என்பது பல்லின் வெளிப்புறக் கடினப் படை (எனாமல்). தேய்த்த சீவல் என்பது பல்லை அப்படியே மெல்லியதாகத் தேய்த்தெடுப்பது; சுண்ணம் நீக்கிய சீவல் என்பது கனிமத்தைக் கரைத்து மென்மையாக்கிய பின் வெட்டுவது. முதிர்ந்த மிளிரியின் நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கனிமம். சுண்ணம் நீக்க அமிலமோ ஈடீடிஏயோ (கல்சியத்தைப் பிடித்திழுக்கும் வேதிப்பொருள்) இட்டால் அது கரைந்து, சீவலில் வெற்றிடமே மிஞ்சும். ஆகவே, எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

எது தெரியும்?
தேய்த்தது: ரெட்சியசுக் கோடுகள் (மிளிரி படிப்படியாக வளர்ந்த தடங்கள்), நாளாந்தக் குறுக்குவரிகள் (ஒரு நாள் வளர்ச்சிக்கு ஒரு வரி), பாற்பல்லில் பிறப்புக்கோடு (பிறந்த வேளையில் பதிந்த கோடு).
சுண்ணம் நீக்கியது: மிளிரியைச் சுரக்கும் அமெலோபிளாஸ்ட் கலங்கள், இன்னும் முதிராத மிளிரியின் புரதத்தளம். எலியின் வெட்டும்பல் வாழ்நாள் முழுதும் வளர்வதால் எல்லாக் கட்டங்களும் ஒரே பல்லில் கிடைக்கும்.

செலவு?
தேய்த்தது: வைரத்தட்டு, 400, 600, 1200 இலக்கச் சாண்ட்பேப்பர் போதும்.
சுண்ணம் நீக்கியது: மைக்ரோடோம் (மெல்லிய சீவல் வெட்டும் கருவி), மெழுகு, சாயம் எல்லாம் வேண்டும்.

காலம்?
தேய்த்தது: ஒரு பின்னேரம்.
சுண்ணம் நீக்கியது: ஈடீடிஏயில் வாரக்கணக்கு.

தேய்க்கையில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருங்கள். சூடேறினால் மிளிரி வெடிக்கும். 100 மைக்ரோமீற்றருக்குக் கீழே வந்ததும் விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள், ஓரம்தான் முதலில் உதிரும். தடிப்பாக விட்டால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்கும்.

ஈடீடிஏ கரைசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். எங்கள் சுண்ணக்கல் நிலத்து நீரிலுள்ள கல்சியமே அதைப் பிடித்துக்கொள்ளும். பல்லில் வேலை நடக்காது. காய்ச்சிவடித்த நீர்தான் சரி. வெயில் காலத்தில் மெழுகுக் கட்டி இளகும். வெட்டுமுன் ஐஸில் வையுங்கள்.

வளர்ச்சிக் கோடுகளை எண்ணுவோருக்குத் தேய்த்த சீவல். கலங்களைப் பார்ப்போருக்கு மற்றது.